தடைக்காலத்தில் வீட்டில் இருக்கிறேன், பிள்ளைகள் படித்ததை மறக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

பாம்பன் டிரைவர் (கேள்வி, ஏப்ரல் 28, 2025)

எல்லோருக்கும் வணக்கம். நான் பாம்பனில் விசைப்படகு டிரைவர், எட்டாவது வரைக்கும் படித்தவன். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகைக் கரையேற்றிவிட்டோம். வீட்டுக்காரி நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, நண்டு வந்துகொண்டுதான் இருக்கிறது, அதனால் அவளுக்கு லீவு கிடையாது. போன வாரம் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "ரெண்டு மாசம் சும்மாத்தான இருக்கப் போறீங்க, பிள்ளைகளைப் பாத்துக்கங்க. பாத்துக்கங்கன்னா சோறு போடுறது மட்டும் இல்ல." நான் சும்மா இல்லை. இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறோம், வலையில் ஏகப்பட்ட கிழிசல் கிடக்கிறது. ஆனால் அவளிடம் அதைச் சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

பையன் நாலாவது முடித்து ஐந்தாவது போகிறான், மகள் இரண்டாவது முடித்து மூன்றாவது. போன வருடம் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே பையன் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வந்தது: "கழித்தல் மறந்துவிட்டான், வீட்டில் கவனிக்கவும்." மார்ச் மாதம் அதே கணக்கை அவன் சரியாகப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் எங்கே போனது?

இதில் எனக்குப் புரியாத ஒரு விஷயம் இருக்கிறது. நேற்றுக் காலை கரையில் நாட்டுப்படகு வந்து சூடை மீனைக் கூறு போட்டார்கள். கூறு 80 ரூபாய், பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இரண்டு கூறு வாங்கப் போனான். 500 ரூபாய் நோட்டு கொடுத்தோமே, மிச்சம் எவ்வளவு என்று நான் கேட்டு முடிக்கும் முன்னே 340 என்றான். வீட்டுக்கு வந்து நோட்டில் 500லிருந்து 160ஐக் கழி என்றேன். 460 என்று எழுதினான். "டேய், அப்ப சூடை சும்மா குடுத்தானா?" என்று கேட்டேன். "அது மீன் கணக்கு, இது பாடக் கணக்கு" என்கிறான்.

மகளுக்கு வேறு பிரச்சினை. பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று படிக்கிறாள். பஸ் போர்டைக் காட்டினால் நின்றுவிடுகிறாள். பாடத்தை மனப்பாடமாகத்தான் ஒப்பிக்கிறாளோ என்று சந்தேகம். ண, ன, ந மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். சரி, அது பெரிய ஆட்களுக்கே குழப்பம்தான்.

இங்கே ஒரு இடத்தில் கோடை வகுப்பு நடக்கிறது. ஆனால் தடைக்காலத்தில் அந்த ஃபீஸ் கட்ட முடியாது. செல்போனில் ஏதாவது ஆப் போட்டுக் கொடுக்கலாம் என்றால், கொடுத்த ஐந்தாவது நிமிடம் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. நானே சொல்லிக் கொடுப்பதென்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எங்கே ஆரம்பிப்பது? எனக்குப் பொறுமையும் குறைவு, இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை.

(வாயால் சொல்லி டைப் பண்ணியதை என் தங்கை மகள் திருத்திக் கொடுத்தாள். இன்னும் பிழை இருந்தால் அது அவளுடையது.)


மண்டபம் டீச்சர், ஓய்வு (பதில்)

தம்பி, அந்த 460ஐப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 31 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தேன், இந்த 460 வராத வருடமே கிடையாது. உங்கள் பையன் என்ன செய்திருக்கிறான் பாருங்கள். 0லிருந்து 6 போகாது. சரி, 6லிருந்து 0 போகும், அதைப் போட்டுவிடுவோம் என்று போட்டிருக்கிறான். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்றெல்லாம் இல்லை, பெரியதிலிருந்து சின்னது. மார்ச்சில் அவன் சரியாகப் போட்டதும் புரிந்து போட்டதாக இருக்காது. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நாங்கள் ஒரு பாட்டுப் போலச் சொல்லிக் கொடுப்போம், அந்தப் பாட்டை வைத்துப் போட்டிருப்பான். லீவில் பாட்டு மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனிமேல் அவன் மனக்கணக்காகச் சொல்லும்போது "எப்படிடா சொன்ன?" என்று கேளுங்கள். அநேகமாக, 160க்கு மேலே 40 போட்டால் 200, அதற்கு மேலே 300 போட்டால் 500, ஆக 340 என்பான். கடைக்காரர் சில்லறை எண்ணிக் கொடுக்கிற முறை அது, நல்ல முறை. ஆனால் நோட்டில் கேட்பது வேறு முறை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

இது உங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் சிலரும் சேர்ந்து டில்லி, கொல்கத்தா சந்தைகளில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளைப் பார்த்து, இந்த பிப்ரவரியில் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். சந்தையில் மனக்கணக்காகச் சட்டென்று சொல்லும் பிள்ளைகள், பள்ளிக்கூட மாதிரி எழுதிக் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் இருக்கும் பிள்ளைகள் அதற்கு நேர் எதிர், சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். ஒரு பக்கம் தெரிந்தது தானாக மறு பக்கம் போய்ச் சேராது, யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும். இந்த இரண்டு மாதம் நீங்கள் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். காகிதத்தை வெட்டி 100, 10, 1 என்று நோட்டு செய்துகொள்ளுங்கள், அவனையே செய்யச் சொல்லுங்கள். ஐந்து நூறு அவன் கையில். நீங்கள் மீன்காரர். "160 குடு" என்று கேளுங்கள். ஒரு நூறைக் கொடுப்பான், அறுபதுக்கு முழிப்பான். "சில்லறை மாத்தணும்" என்று அவன் வாயிலிருந்தே வரும், வருகிற வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நூறை வாங்கிக்கொண்டு பத்து பத்துகளைக் கொடுங்கள். இப்போது பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள். கையில் நூறு எத்தனை இருந்தது? ஐந்து. ஒன்று மாற்றியாயிற்று, அப்போது 5ஐ அடித்து 4. பத்து எத்தனை வந்தது? அந்த 0க்கு மேலே 10. அடுத்து நோட்டைக் கொடு, அதையே எழுது. கை செய்வதைப் பென்சில் கூடவே செய்ய வேண்டும். முதலில் நோட்டை எண்ணி முடித்துவிட்டு அப்புறமாக எழுதலாம் என்றால் மறுபடியும் மீன் கணக்கு தனி, பாடக் கணக்கு தனி ஆகிவிடும்.

ஒரு வாரம் இப்படி ஓடட்டும். அடுத்த வாரம் 403லிருந்து 178. நடுவில் சைபர் இருக்கிற கணக்கில்தான் எல்லாப் பிள்ளைகளும் விழுவார்கள். நூறைப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தை மறுபடி ஒன்றுகளாக மாற்ற வேண்டும். அதற்கும் நோட்டுதான். அந்தக் கணக்கு நோட்டு இல்லாமல் வந்துவிட்டால் கழித்தலை விட்டுவிடலாம்.

நேரம் அரை மணி போதும். காலை வெயில் ஏறும் முன்னே. ராத்திரி வேண்டாம், உங்களுக்கும் ஆகாது அவனுக்கும் ஆகாது. குரல் உயர்ந்துவிட்டால் அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டு இஞ்சினைப் பார்க்கப் போய்விடுங்கள். இன்னொன்று, ஐந்தாவது புத்தகத்தை இப்போதே யாரிடமாவது வாங்கி முன்கூட்டி நடத்தாதீர்கள். இந்த ஊரில் நிறையப் பேருக்கு அந்த ஆசை உண்டு.


தொண்டி பி.எட். (பதில்)

அண்ணே, டீச்சரை மறுத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இந்த "லீவில் எல்லாம் மறந்துபோகிறது" என்ற பயத்தில் பாதி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1996இல் ஹாரிஸ் கூப்பர் என்பவரும் கூட இருந்தவர்களும் அங்கே நடந்த 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கோடை லீவில் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்னே போகிறார்கள் என்று எழுதினார்கள். அதிலும் அதிகம் போனது கணக்குப் போடுவதும் எழுத்துக்கூட்டுவதும்தான். எங்களுக்கு வகுப்பில் இதைத்தான் சொன்னார்கள். அப்புறம் 2019இல் பால் வான் ஹிப்பெல் என்ற இன்னொருவர், பழைய பரீட்சைகளின் மதிப்பெண் முறையே கோளாறு, வேறு பரீட்சையை வைத்துப் பார்த்தால் அதே முடிவு உறுதியாக வரவில்லை என்று கேள்வி கேட்டார். அங்கேயே இன்னும் சண்டை தீரவில்லை. அவர்களுடைய லீவு நம்முடையதைவிட நீளமும்கூட.

சின்ன வயதில் மே மாதம் முழுக்க எனக்குச் சாயல்குடிப் பக்கம் பெரியம்மா ஊர்தான். விடியற்காலையில் பதநீர், மத்தியானம் நுங்கு, சாயங்காலம் கருப்பட்டி காய்ச்சும் விடலியில் அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்பது. ஒரு எழுத்து எழுதியதில்லை. நாசமாகப் போய்விடவில்லை. பிள்ளைகளைக் கொஞ்சம் விடுங்கள் அண்ணே. ஜூனில் வாத்தியார் ஒரு வாரம் திருப்பிச் சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும். அது அவர் வேலை.


மண்டபம் டீச்சர், ஓய்வு (பதில்)

பி.எட். தம்பி, விளையாட வேண்டாம் என்று யார் சொன்னது? அரை மணி போக மிச்சம் இருபத்து மூன்றரை மணி அவனுடையதுதான். ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் படித்தவர்கள் யாராவது உண்டா?


தொண்டி பி.எட். (பதில்)

சித்தப்பா வாத்தியார். கூடவே பெரியம்மா ஊருக்கு வருவார். விடலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். சரி டீச்சர், புரிகிறது.


கீழக்கரை லாத்தா (பதில்)

அண்ணே, உங்கள் மகளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. என் இளைய மகளும் அதே வகுப்புதான், போன வருடம் வரைக்கும் அதே கதைதான். பாடத்தில் பாதி வரியை மறைத்துக்கொண்டு படி என்றாலும் படிப்பாள். அப்படியென்றால் எங்கே படிக்கிறாள்?

அவள் வாப்பா சவுதியில் இருக்கிறார். தினமும் வாய்ஸ் மெசேஜ் போடுவாள். போன வருட லீவில் நான் இவரிடம் சொல்லிவைத்தேன், இனி வாய்ஸுக்குப் பதில் போடாதீங்க, எழுதி போட்டோ எடுத்து அனுப்பினால்தான் பதில் என்று. இரண்டு நாள் அழுகை. மூன்றாவது நாள் எழுதினாள்: "வப்பா எப்ப வருவிங்க". நான்கு இடத்தில் பிழை இருந்தாலும் இருக்கட்டும், அவரைத் திருத்தக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவரும் தாளில் கையால் எழுதி போட்டோ அனுப்பினார். அவர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அதை எழுத்து எழுத்தாகக் கூட்டி அரை மணி நேரம் படித்தாள். மனப்பாடம் பண்ண வழியே இல்லை, வாப்பா என்ன எழுதினார் என்று யாருக்குத் தெரியும்? மே மாதம் முடியும்போது பன்னிரண்டு கடிதம் ஆகிவிட்டது. "வாப்பா" என்று சரியாக எழுத ஆரம்பித்தது ஆறாவதிலோ ஏழாவதிலோ, அவர் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து.

நீங்கள் வீட்டிலேயே இருப்பதால் அது நடக்காது. ஆனால் அக்கா காலையில் வேலைக்குப் போகிறார்களே, போகும் முன்னே அவர்கள் ஒரு சீட்டு எழுதி வைக்கட்டும். "அரிசி டப்பாவுக்குப் பின்னால் பாரு" என்று எழுதி, பின்னால் ஒரு கடலை மிட்டாய். உங்களுக்குப் படித்துச் சொல்லச் சொல்லாதீர்கள், நீங்கள் வாசித்தும் காட்டாதீர்கள். அவளாகக் கண்டுபிடித்தால் மிட்டாய். சாயங்காலம் அவள் ஒரு சீட்டு எழுத வேண்டும்.

பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி, சின்னச் சின்னப் புத்தகம். லீவுக்குக் கொடுப்பார்களா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். செல்போன்தான் கையில் இருக்கிறதென்றால் ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன, படத்தோடு, படிப்படியாக. உங்கள் மகளுக்கு முதல் படியே போதும். இரண்டாவது முடித்துவிட்டாளே என்று மேலே போகாதீர்கள். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் தடுமாறினால் கீழே இறங்கிவிடுங்கள்.


பாம்பன் டிரைவர் (ஜூன் 19)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தடை முடிந்து கடலுக்குப் போய்வந்துவிட்டேன், என்ன ஆனது என்று சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், தினமும் உட்காரவில்லை. பையனோடு உட்கார்ந்தது மொத்தம் பத்தொன்பது நாள், காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். இஞ்சின் வேலை இழுத்துவிட்டது, நடுவில் ஒரு கல்யாணம், நான்கு நாள் நான் கத்திப் பாடம் முடிந்துவிட்டது. டீச்சர் சொன்ன மாதிரி எழுந்து போய்விட்டேன். அந்த நான்கு நாளும் மத்தியானம் அவனே காகித நோட்டை எடுத்துக்கொண்டு வலை பின்னும் இடத்துக்கு வந்து நின்றான், அது எனக்கு ஆச்சரியம்.

நோட்டு செய்வதில் ஒரு வில்லங்கம் நடந்தது. நூறு ரூபாய் மட்டும் நாற்பது செய்துவிட்டான், ஒரு ரூபாய் ஆறுதான். பணக்காரனாக இருக்க ஆசை. 403 கணக்கு வந்ததும் ஒன்றுகள் போதவில்லை. அப்போதுதான் அவனுக்கே உறைத்தது, சின்ன நோட்டுத்தான் அதிகம் வேண்டும் என்று. அன்றைக்கு அந்தக் கணக்கைப் போட்டு 225 கொண்டுவந்தான். பிறகு கடைக்காரர் முறையிலும் எண்ணிப் பார்த்தான், அதுவும் 225. "ரெண்டும் ஒண்ணாப்பா?" என்று கேட்டான்.

அதற்கப்புறம் கரையில் மண்ணிலேயே போட ஆரம்பித்துவிட்டோம். பழைய ரயில் பாலம் 1914, புதுப் பாலம் இந்த ஏப்ரல் மாதம் திறந்தது, இடையில் எத்தனை வருடம்? 2025லிருந்து 1914. குச்சியால் 0வை 10 ஆக்கி 111 என்று எழுதினான். எங்கள் அப்பா பக்கத்தில் இருந்தார். தனுஷ்கோடி புயலுக்கும் போடச் சொல்லு என்றார், 1964. போட்டான், 61 வந்தது. "தடைக்காலமும் 61 நாளு தாத்தா" என்றான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. தடைக்காலத்தையும் கணக்காகவே போட்டுப் பார்த்தான். ஏப்ரலில் 30லிருந்து 15 போனால் 15, மேயில் 31, ஜூனில் 14, கூட்டினால் 60. "அரசாங்கம் ஒரு நாள் கூடச் சொல்லுதுப்பா." நானும் போட்டுப் பார்த்தேன், 60தான். இத்தனை வருடமாக 61, 61 என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள்கூட எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை. கடைசியில் காலண்டரை எடுத்துவந்து விரல் வைத்து எண்ணினோம். 15ஆம் தேதியும் தடைதானே, அன்றைக்கும் படகு போகவில்லையே. கழித்தால் அந்த முதல் நாள் விழுந்துவிடுகிறது. ஏப்ரலில் 16 நாள். இது எனக்கும் பாடம்தான்.

ஜூன் 2 பள்ளி திறந்தது, இதுவரை சிவப்பு மை வரவில்லை. இது முதல் மாதம்தான், பார்ப்போம். பி.எட். தம்பி, இரண்டு வாரம் அவர்கள் பெரியப்பா ஊரில் விட்டுவைத்தேன், நுங்கு தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வந்தார்கள்.

லாத்தா, சீட்டு விஷயம் நன்றாகப் போனது, ஒரே ஒரு சிக்கல். என் வீட்டுக்காரி முதல் நாள் "பானைக்குள் பார்" என்று எழுத, மகள் "பனைக்குள்" என்று படித்துவிட்டுப் பின்பக்கத்துப் பனைமரத்தடியில் கால் மணி நேரம் தேடினாள். மறுநாளிலிருந்து துணைக்காலை விட்டுவிட்டுப் படிப்பதே இல்லை, மிட்டாய் போன வயிற்றெரிச்சல். ண, ன இன்னும் தகராறுதான். பஸ் போர்டில் "இராமேஸ்வரம்" படித்துவிட்டாள், "உச்சிப்புளி" படித்துவிட்டாள், "திருப்புல்லாணி"யில் நின்றாள். அது நியாயம்.

டீச்சரிடம் ஒரு சந்தேகம். இப்போது வகுத்தல் நடத்துகிறார்கள். போன பயணத்தில் பங்கு போக எங்கள் ஆட்களுக்கென்று ஒதுக்கிய கணவாய் மீன் 875 ரூபாய்க்குப் போனது, ஆறு பேர். அதைப் பையனிடம் கொடுத்தேன். தலைக்கு 145, மீதி 5 என்று சரியாகப் போட்டுவிட்டு, "அந்த அஞ்சு யாருக்குப்பா?" என்று கேட்கிறான். படகில் என்றால் அதோடு கொஞ்சம் சேர்த்துப் போட்டு டீ குடித்துவிடுவோம். நோட்டில் என்ன எழுதச் சொல்வது?